அறுபத்து மூன்று கட்டம்போட்ட சட்டைகள்

மார்ச் 4

அவசரத்துக்கு,

வீட்டில் வைத்த பெயரையே எழுதுகிறேன். 'அன்புள்ள தம்பிக்கு' என்று ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மூன்று நாளில் பதினொரு முறை போன் செய்துவிட்டேன். முதல் மணியிலேயே கட் பண்ணுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிக்கிற கடிதத்தையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

முந்தாநாள் காலை முதல் வகுப்பு முடிந்து வரும்போதே முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எங்கள் இறுதியாண்டு மாணவர்கள் அறுபத்து மூன்று பேருடைய விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டனவாம். இனி இரண்டு வருடத்துக்கு இந்தக் கல்லூரியிலிருந்து விண்ணப்பமே வாங்க மாட்டார்களாம். காரணம் ஒரு வரி கூட இல்லை. கீழே தேர்வுப் பிரிவு என்று போட்டு ஒரு கையெழுத்து. வால் நீண்ட அந்தக் கையெழுத்தை நீ ஏழாம் வகுப்பில் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பழகினாய்.

அறுபத்து மூன்று பேரில் ஒருவர் கூடவா தேறவில்லை? நீ படித்த கல்லூரிதானே இது? மூன்று பாடத்தில் தோற்றுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இந்த வாசலில்தானே நின்றாய்?

வேலைவாய்ப்புப் பொறுப்பும் என் தலையில், இணையதளப் பொறுப்பும் என் தலையில், இது போக வாரத்துக்குப் பதினெட்டு வகுப்பு. முன்பு நான்கு கம்பெனிகள் வரும். இரண்டு வருவதை நிறுத்திவிட்டன. மூன்றாவது, போனில் பேசி எதையாவது விற்கிற வேலைக்கு மட்டும் ஆள் எடுக்கிறது. படித்த படிப்புக்கு வேலை கொடுப்பது உங்கள் கம்பெனி ஒன்றுதான். அந்தக் கதவையும் நீயே சாத்திவிட்டாய்.

காரணத்தை எழுது. அக்காவுக்கு என்று வேண்டாம், கல்லூரிக்கு என்றாவது எழுது.

அக்கா

*

மார்ச் 9

டீச்சரம்மாவுக்கு,

காரணம் கேட்டாய். சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசி வாரம் உங்கள் கல்லூரி விண்ணப்பங்களை எடுத்தேன். ஒவ்வொன்றோடும் மாணவரின் இணையப் பதிவேட்டுக்கு இணைப்பு இருந்தது. மதிப்பெண்ணை விட நாங்கள் அதைத்தான் பார்ப்போம். வாரா வாரம் என்ன செய்தார்கள், எங்கே முட்டிக்கொண்டார்கள் என்பது அதில் தெரியும்.

முதல் பையன் நூலகத்துக்குப் புத்தகம் தேடும் பக்கம் ஒன்று செய்திருந்தான். சந்தோஷமாக இருந்தது, நானும் அதைத்தானே செய்தேன். இரண்டாவது பெண்ணும் அதே. சரி, குழுவாகச் செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். பதினோராவது வாரத்துக்கு வந்தேன். அங்கே இப்படி இருந்தது:

"செவ்வாய், மதியம் மூன்றே முக்கால். திரும்ப வரவேண்டிய புத்தகங்களின் பட்டியல் முழுவதையும் தவறுதலாக அழித்துவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு நூலகரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உட்கார் என்றார்."

நான்காவது விண்ணப்பத்தில் சிரித்தேன். ஏழாவதில் சிரிப்பு நின்றது. அறுபத்து மூன்று பேரும் ஒரே நூலகத்தின் ஒரே பட்டியலை ஒரே செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்கு அழித்திருக்கிறார்கள். அந்த நூலகர் அறுபத்து மூன்று முறை கண்ணாடி துடைத்திருக்கிறார். அந்தப் பதிவோடு இருக்கும் புத்தக அலமாரிப் படத்தில் ஓரமாக ஒரு கட்டம்போட்ட சட்டைக் கை தெரியும். முப்பத்தெட்டு பெண்களுக்கும் அதே சட்டை, அதே கை. அம்மா எனக்கு எடுத்துக் கொடுத்த சட்டை அது.

அந்தப் பதிவேடு என்னுடையது. கல்லூரி பழைய தளத்தை மூடிப் புதியதுக்கு மாறியபோது என் பக்கம் போய்விட்டது. நகல் உன்னிடம் மட்டும்தான் இருந்தது. 'பத்திரமா வச்சிருக்கேன்டா' என்று நீதான் சொன்னாய்.

நன்றாகத்தான் வைத்திருந்தாய்.

தேர்வுப் பிரிவு
(வால் நீண்ட கையெழுத்து)

*

மார்ச் 12

தம்பிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். சட்டை விஷயத்தில் சிரிப்பும் வந்தது, நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லூரிக்குத் தரம் போடுகிற ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் கொடுத்த படிவத்தில், எத்தனை சதவீத மாணவர்கள் இணையப் பதிவேடு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி. கல்லூரி புதிய தளம் வாங்கியதே அதற்காகத்தான். அதில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புள்ளி. எழுதியிருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஜனவரியில் நான் திறந்து பார்த்தபோது பதினேழு பச்சை, மீதி நாற்பத்தாறும் சிவப்பு. பக்கம் அம்மை போட்ட மாதிரி இருந்தது.

எழுதுங்கள் எழுதுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். 'என்ன மேம் எழுதுறது, ஒண்ணுமே செய்யலையே' என்கிறார்கள். சரி, ஒரு பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக உன்னுடையதை மாதிரியாகக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். என் தம்பி இதை வைத்துத்தான் வேலைக்குப் போனான் என்றேன். அவர்கள் பார்த்து எழுதுவார்கள் என்று நினைத்தால், பார்த்தே எழுதிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நகல் எடுப்பது மூச்சு விடுகிற மாதிரி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். ஆனால் இரண்டு வருடத் தடை ரொம்ப அதிகம். உன் மேலாளரிடம் பேசிப் பார். அம்மா உன் போன் ஏன் வருவதில்லை என்று கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 16

அக்கா,

மேலாளரிடம் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவரே கூப்பிட்டார்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. எதையும் விடாமல் படிப்பார். மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் பட்டியலைப் பராமரிக்கிற மென்பொருள் செய்கிறோம், அந்த வேலைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் என்னை எடுத்தவர் அவர்தான். மூன்று பாடத்தில் தோற்றவனை ஏன் எடுத்தீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "பட்டியலை அழிக்காதவன் எவனும் கிடையாது. அழிச்ச அன்னைக்கே வந்து சொல்றவன்தான் எனக்கு வேணும்" என்றார்.

இப்போது அந்த அறுபத்து மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன். உன்னோடதுதானே? இல்ல, உங்க காலேஜ்ல இது அப்போதிருந்தே சுத்திக்கிட்டு இருக்கா? நீயும் யார்கிட்டயாவது வாங்கினதா?"

என்னுடையதுதான் என்றேன். காட்டு என்றார். காட்ட ஒன்றும் இல்லை. பழைய தளம் இல்லை. உன்னிடம் இருக்கிற நகலை நீ திருத்தி மாதிரியாக்கிவிட்டாய், அதன் தேதி இந்த ஜனவரி. பொய்ப் பதிவேடு கொடுத்துச் சேர்ந்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அது எங்கள் விதி. மார்ச் 31 வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதுவரை விண்ணப்பங்களை நான் தொடக்கூடாது.

அதனால் எனக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், கல்லூரிப் பொறுப்பாளர் என்ற முறையில். அந்தப் பதிவேடு ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதியது, அதை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தது நீ. இந்த இரண்டு வரி போதும்.

இன்னொன்று. உங்கள் மாணவி ஒருத்தி நிராகரிப்பு வந்ததும் எங்களுக்கு எழுதியிருக்கிறாள். அப்படியே தருகிறேன்:

"ஐயா, நான் நூலகத்தில் எதையோ அழித்துவிட்டதாக என் பதிவேட்டில் இருப்பதை இன்றுதான் பார்த்தேன். நான் அந்த நூலகத்துக்குள் போனதே இல்லை. என் வகுப்பு முடியும் நேரத்தில் அது பூட்டியிருக்கும். அந்தச் சட்டையும் என்னுடையது இல்லை. இது எப்படி என் பக்கத்துக்கு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை."

பார்த்தே எழுதிவிட்டார்கள் என்றாய். இவள் பார்க்கவே இல்லை என்கிறாளே.

கடைசியாக ஒன்று. மூன்றாம் வகுப்பிலிருந்து என் கட்டுரைகளை நீதான் எழுதிக் கொடுத்தாய். நான் போகாத சுற்றுலாவைப் பற்றி நீ எழுதிய கட்டுரைக்கு எனக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் ஆசிரியர் 'அந்த அருவி எப்படி இருந்துச்சு?' என்று கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். 'அக்கா எழுதிக் குடுத்துருவா' என்பதுதான் அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் பதில். என் வாழ்க்கையில் நீ எழுதிக் கொடுக்காமல் நானே எழுதியது அந்தப் பதிவேடு ஒன்றுதான் அக்கா. அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டாயே.

தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். பேட்டரி என்று கூப்பிடுவார்கள். அவள் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது, வகுப்புக்கு வந்ததும் சுவரோரம் பிளக் தேடுவாள். வகுப்பு முடிந்ததும் பார்சல் அனுப்புகிற கடைக்கு வேலைக்கு ஓடுவாள்.

அவள் சொல்வது உண்மை. நான் எழுதியதுதான் பொய். பாதிப் பொய் என்று எழுத வந்தேன், முழுப் பொய்தான்.

அந்தத் தளத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஆசிரியர் ஒரு மாதிரிப் பக்கம் செய்துவிட்டு, 'அனைவருக்கும் நகலிடு' என்ற பொத்தானை அழுத்தினால் எல்லா மாணவர்களின் பக்கத்திலும் அது போய் உட்காரும். பெயரை மட்டும் தானே மாற்றிக்கொள்ளும். அவரவர் அதைத் திருத்தித் தங்கள் விஷயத்தை எழுத வேண்டும், அதற்காக வைத்தது. நானும் அதற்காகத்தான் அழுத்தினேன். ஜனவரி 20, மதிய இடைவேளை. ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு நாற்பத்தாறு சிவப்பும் ஒரேயடியாகப் பச்சையானது.

பச்சையைப் பார்த்ததும் எனக்கு எதுவும் தோன்றவில்லை, தம்பி. அப்பாடா என்று எழுந்து டீ குடிக்கப் போனேன். திருத்துங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். முதல்வர் வந்து திரையைப் பார்த்துக் கைகொடுத்தார். 'நூறு சதவீதமா? சபாஷ்!' என்றார். அதற்குப் பிறகு சொன்னால் எல்லாம் மறுபடி சிவப்பாகிவிடுமோ என்று சொல்லாமலே விட்டேன். முன்பே எழுதியிருந்த அந்தப் பதினேழு பேருடையதும் அதில் அழிந்துவிட்டது. அது எனக்கு உன் கடிதம் வந்து, போய்ப் பார்த்த பிறகுதான் தெரியும். விண்ணப்பங்களை நான்தான் மொத்தமாக அனுப்பினேன். பாதிப் பேர் தங்கள் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல்வரிடம் நேற்று இதைச் சொன்னேன். "தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிடுங்க மேடம். மெஷின் மேல போட்டா யாருக்கும் வலிக்காது" என்றார். அதுவும் ஆய்வு முடிகிறவரை எதுவும் வெளியே போகக்கூடாது என்றார்.

எனக்கு ஏப்ரல் இரண்டு வரை நேரம் கொடு. குழு வந்து போகட்டும். மூன்றாம் தேதி நீ கேட்ட கடிதத்தை எழுதித் தருகிறேன். மேலாளரிடம் மூன்று நாள் தவணை கேட்டுப் பார்க்க முடியாதா?

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

கேட்டேன். கூடப்பிறந்தவள் அந்தக் கல்லூரியில் இருக்கிறாள், அவள் கடிதம் தருவாள் என்று மட்டும் சொன்னேன். "தங்கச்சியா அக்காவா?" என்றார். அக்கா என்றேன். "அக்கான்னா ரெண்டு வரி எழுத எதுக்கு மூணு நாள்?" என்றார். 31தான்.

நீ எனக்காகப் பத்து வருடம் எழுதினாய். கேட்காமலே எழுதினாய். இப்போது கேட்கிறேன், இரண்டு வரி.

*

மார்ச் 25

தம்பிக்கு,

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. ஜாக்கிரதையாகப் பிரி, பழைய காகிதம்.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனேன். இதே கட்டடத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன், நூலகத்துக்குக் கடைசியாக எப்போது போனேன் என்று ஞாபகமில்லை. அதே நூலகர்தான் இருக்கிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (உண்மையாகவே துடைத்தார், நான் இட்டுக்கட்டவில்லை.) "கட்டம்போட்ட சட்டைதானே? எம் பேனாவை எடுத்துட்டுப் போனவன் இன்னும் குடுக்கலை" என்றார்.

உள்ளே போய் அரைமணி நேரம் தேடி ஒரு நீள நோட்டோடு வந்தார். நீ அழித்த பட்டியலை நீங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து கையால் திரும்ப எழுதினீர்களே, அந்த நோட்டு. நானூற்றுப் பன்னிரண்டு வரியும் உன் கோணல் கையெழுத்தில். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, கீழே அவர் கையொப்பம். கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: "பட்டியல் சரிபார்க்கப்பட்டது. அழித்த மாணவரே எழுதி முடித்தார்."

உன் மேலாளருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதைக் காட்டு. பிழைத்தாய்.

இனி என் கடிதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். நோட்டைக் கையில் வாங்கியதும் முதலில் எனக்குத் தோன்றியது அதுதான். தோன்றியது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தோன்றியது.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

பொட்டலம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மறுநாள் காலை மேலாளர் முன்னால் வைத்தேன். ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, நோட்டிலிருந்து பத்து வரி எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் யார் தோளையும் தட்டி நான் பார்த்ததில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலை போய்விடும் என்பதற்காக இல்லை. அவர் என்னை அப்படி நினைத்துவிட்டாரே என்பதை இரண்டு வாரமாகத் தாங்க முடியவில்லை.

நூலகருக்கு நன்றி சொல். பேனா என்னிடம் இருக்கிறது, மை தீர்ந்துவிட்டது.

நீ எழுத வேண்டாம். உண்மையாகவே சொல்கிறேன். ஆய்வு நல்லபடி முடியட்டும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போகும்போது மேலாளர் கேட்டார்: "அப்போ உன்னோடதை இந்த அறுபத்து மூணு பேரும் திருடியிருக்காங்க, அப்படித்தானே?" நான் வாயைத் திறக்கவில்லை. பேட்டரியின் கடிதத்தையும் அவர் படித்திருக்கிறார். "மாட்டிக்கிட்டதும் எனக்குத் தெரியாதுன்னு சொல்ற கேஸ்" என்று அந்த விண்ணப்பக் கட்டோடு சேர்த்துப் போட்டுவிட்டார். அப்போதும் நான் பேசவில்லை. நீ செய்தது வெளியே வந்துவிடக்கூடாது என்று சும்மா இருந்தேன்.

அழித்த அன்றே வந்து சொல்கிறவன் என்று என்னை எடுத்தார். இப்போது என்னவோ போலிருக்கிறது. சரியாகிவிடும்.

தம்பி

*

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. சரியாகாது. எனக்கு உன்னைத் தெரியும்.

நேற்று ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். கணினிக் கூடத்தில் பெரிய திரையில் அந்தப் பச்சைப் பக்கத்தைப் போட்டு வைத்திருந்தோம். குழுத் தலைவி ஒரு புள்ளியைத் தொட்டுத் திறக்கப் போனார். "மேடம், அதைத் திறக்காதீங்க, எல்லாமே ஒண்ணுதான்" என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை. சொன்னபிறகு மீதியையும் சொல்லித்தானே ஆக வேண்டும். பொத்தானிலிருந்து டீ வரைக்கும் சொன்னேன். முதல்வர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. குழுத் தலைவி படிவத்தில் நூறை அடித்துவிட்டு, "உண்மையில் எத்தனை?" என்றார். பதினேழு பேர் எழுதியிருந்தார்கள், அதையும் நான்தான் அழித்தேன், அதனால் பூஜ்யம் என்றேன்.

மாலையில் இரண்டு பொறுப்பும் போய்விட்டது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை இருக்கிறது. வகுப்பெடுக்கலாம், அந்த மட்டும் நிம்மதி. இதைச் சொல்கிறபோது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, வீரமெல்லாம் இல்லை.

பூதக்கண்ணாடிக்கும் தனியே எழுதி அனுப்பிவிட்டேன். உன்னிடம் காட்டாமல் அனுப்பினேன், காட்டினால் நீ தடுப்பாய். அதன் நகல் இது:

"ஐயா, இந்த மாணவர்கள் எதையும் திருடவில்லை. ஜனவரி 20 மதியம் நான் ஒரு பொத்தானை அழுத்தி அறுபத்து மூன்று பேருடைய பக்கங்களிலும் என் தம்பியின் பதிவேட்டை நிரப்பினேன். அதில் பதினேழு பேர் சொந்தமாக எழுதியிருந்தது அழிந்துபோனது. பச்சை நிறம் வந்ததால் அதற்கு மேல் பார்க்கவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். எழுபத்திரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன். என் தம்பி உங்களிடம் பேசாமல் இருந்தது எனக்காக. அது அவன் பழக்கம் இல்லை, என் பழக்கம்."

இன்று காலை பிள்ளைகளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கடைசி வரிசையில் ஒருவன், "பரவால்ல மேம், நாங்களும் ஓப்பன் பண்ணிப் பாக்கலையே" என்றான். பேட்டரி சார்ஜர் வயரைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி. பார்சல் கடையில் தவறான ஊருக்குப் போன பெட்டிகளைக் கண்டுபிடிக்க அவளே ஒரு பக்கம் செய்திருந்தாளாம், அதைப் பற்றி டிசம்பர் வரை ஒன்பது வாரம் எழுதியிருந்தாளாம், அதன் பிறகு பக்கத்தைத் திறக்கவில்லையாம். போனில் எழுதியது. கடையில் இருந்தபடியே. நான் அதை ஒரு தடவை கூடத் திறந்து பார்த்ததில்லை, தம்பி. பச்சைப் புள்ளியை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

"ஞாபகம் இருக்குற வரைக்கும் மறுபடி எழுதுறேன் மேம்" என்றாள். நான் எழுதித் தரட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி மூன்று தடவை படித்தார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன், உட்காரச் சொல்லவில்லை. படித்துவிட்டு அதை அந்த அறுபத்து மூன்றின் மேல் வைத்து, "இந்தக் கட்டுலயே சொந்தமா எழுதுனது இது ஒண்ணுதான்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத் தெரிஞ்சும் நீ ஏன் சொல்லலை?" என்றார். ஆறு மாதத்துக்கு எனக்குத் தேர்வுப் பிரிவு கிடையாது. மருத்துவமனைகளிலிருந்து வருகிற புகார் போன்களை எடுக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார். காலையிலிருந்து மாலை வரை யாராவது திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நியாயமான தண்டனைதான், காது மட்டும் வலிக்கிறது.

தடையை எடுத்துவிட்டார்கள். பதிவேடெல்லாம் வேண்டாம், எல்லோரையும் நேரில் வரச் சொல் என்றார். அறுபத்து மூன்று பேரில் நாற்பத்து நான்கு பேர் போன வாரம் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி. அதில் ஒரு பட்டியலை மேலாளரே குளறுபடி செய்து வைத்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். நான் தண்ணீர் வைக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றேன்.

நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை அக்கா. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டு பேர் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். உங்கள் கணினிக் கூடத்தில் எத்தனை கணினி வேலை செய்கிறது என்று ஒருவனைக் கேட்டேன், எண்ணியதில்லை என்றான். இது நீ ஒருத்தி அழுத்திய பொத்தானால் வந்ததில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சுவரோரம் பிளக் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றாள். போன் சார்ஜில் இருந்தது. "சார், நீங்க கெடுத்து வச்சிருந்தது போக, நானும் ஒரு நூறு வரியை அழிச்சிட்டேன். இப்பதான். திரும்பக் கொண்டுவர வழி தெரியுது, ஆனா இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்" என்றாள். அறையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உட்கார்" என்றார்.

ஏழு பேரை எடுத்திருக்கிறோம். பேட்டரி ஜூன் முதல் தேதி சேர்கிறாள். அவளுடைய பதிவேட்டை நேற்று மாலை படித்தேன், திரும்ப எழுதியதை. ஒன்பது வாரத்தில் ஆறு வாரம்தான் ஞாபகம் இருந்ததாம். மீதி மூன்று வாரத்துக்குத் தலைப்பு மட்டும் போட்டு, 'இது அழிந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாதம் வருகிறேன். நூலகருக்கு ஒரு புதுப் பேனா வாங்கியிருக்கிறேன், பழையதையும் கொண்டு வருகிறேன். விசாரணை எந்தத் தேதி என்று சொல், அதற்கு ஏற்றபடி விடுப்பு கேட்கிறேன். நீ தனியாகப் போக வேண்டாம். அம்மாவிடம் நான் வேலை அதிகம் என்று சொன்னதாக இனிமேல் சொல்லாதே, அதையும் நீயே எழுதிக் கொடுக்கிறாய்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போன் பண்ணு, அக்கா. எந்நேரமும் போன் எடுப்பதுதான் இப்போது என் வேலை. உன்னுடையதையும் முதல் மணியிலேயே எடுப்பேன்.

அவசரம்